சாணிக் கிடங்கும் கட்டார்க் கிடங்கும்

“வாயைக் கழுவடி இலட்சுமி! என்ர மருமகள் விடியப்புறம் சிவராசாவின்ர மாட்டுப் பட்டிக்குப் போனது மெய்தான். ஆனால் சிவராசாவைத் தேடிப் போகேல்லை, அவன்ர மாட்டுச் சாணியைத் தேடித்தான் போனவள். அவனிட்ட சாணியை விட்டால் வேற என்ன இருக்கு எண்டு நீயே சொல்லு!”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இலட்சுமிக்கு இப்படித்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் ஊர் வட்டக்கச்சி முழுக்கக் கதை காவித் திரிகிறவள். என் மருமகள் சாரங்கா சண்டை பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாளாம், மாமியார்தான் துரத்திவிட்டாவாம். அந்த மாமியார் நான். நடந்ததை என் வாயாலேயே கேளுங்கோ.

சாரங்கா ஆண்டியப்பனின் மகள். மலைநாட்டுக் கலவரத்தில் அடிபட்டு, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின குடும்பம். சீதனமாக இரண்டு பசுமாடுதான் வந்தது. கலியாணம் முடிந்த எட்டாம் மாதம் என் மகன் கிருசாந்தன் கட்டாருக்குப் போனான். அங்கே பூமிக்குள்ளிருந்து காஸ் எடுக்கிற கொம்பனியில் வேலை. அவன் அனுப்புகிற காசில்தான் எங்கள் குசினிக்குக் காஸ் சிலிண்டர்.

சாரங்கா ஒருநாள் கேட்டாள்: “மாமி, அவர் அங்க வெயிலுக்க நிண்டு காஸ் எடுக்கிறார். அந்தச் சம்பளத்தை நாங்க இஞ்ச காஸுக்கே குடுக்கிறம். அப்ப அவர் ஏன் போனவர்?”

“வாய் கூடிப்போச்சு உனக்கு!” என்று அவளை ஏசினேன்.

பிறகு நாடு கடனில் மூழ்கின அந்த வருசம் வந்தது. காஸ் கப்பல் வந்தாலும் இறக்க நாட்டிடம் டொலர் இல்லையாம். இலட்சுமி வெறும் சிலிண்டரோடு கிளிநொச்சி டவுனில் மூன்று நாள் வரிசையில் நின்றாள். நாலாம் நாள் அதே வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் வேலியால் எட்டிப் பார்த்தால், எங்கள் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் சாரங்கா கிருசாந்தனின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஆள் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டுகிறாள். இலட்சுமிக்குக் களை எல்லாம் பறந்துபோச்சு.

மாட்டு வைத்தியர் கந்தோரில் அவளுக்குப் படிப்பித்தார்களாம். சாணியைத் தண்ணியில் கரைத்து, மூடிக் கட்டின கிடங்குக்குள் ஊற்றினால் அது புளித்துக் காற்று விடும். காற்று குழாய் வழியே குசினிக்கு வந்து எரியும். அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்ட மனுசருக்கும் காற்று வருகிறதுதான், ஆனால் அதில் தேத்தண்ணி வைக்க ஏலாது. எங்கள் இரண்டு மாட்டின் சாணி காணாது. அதுக்குத்தான் சிவராசாவின் பட்டி.

நீல நெருப்பு எரிந்தது. அதில் வைத்த தேத்தண்ணியை என்னிடம் நீட்டினாள்.

“சாணி நெருப்பில வைச்சது என்ர தொண்டையால இறங்காது.”

“நெத்தியில என்ன மாமி பூசியிருக்கிறியள்?”

“திருநீறு.”

“அது எதைச் சுட்டு எடுத்தது?”

சாணியைத்தான். ஆனால் குடிக்கவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான். ஈர விறகை ஊதி ஊதி, கண் சிவக்க ஒரு மாதம் தனி அடுப்பு வைத்தேன்.

இதற்கிடையில் பட்டிக் கதை கட்டாருக்கும் போய்விட்டது. கிருசாந்தன் போன் எடுத்தான். “அம்மா, ஊர் சிரிக்குது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிய அந்தக் கிடங்கை மூடச் சொல்லுங்கோ. நீங்க சொன்னால் அவள் கேப்பாள்.” பக்கத்தில் நின்ற சாரங்காவுக்கும் கேட்டது. சாணி வாளியைத் தூக்கிக்கொண்டு கோடிக்குப் போனாள். அன்றைக்கும் கரைத்துக் கிடங்குக்குள் ஊற்றினாள்.

பொங்கலுக்கு நானும் அவளும்தான் போனோம். வற்றாப்பளை அம்மாளுக்கு எண்ணெய்க்குப் பதில் கடல் தண்ணியில் விளக்கெரிக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே. நான் உருகிப்போய்க் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். இவள் என் காதுக்குள்:

“மாமி, அம்மாளாச்சிக்கும் எண்ணெய்க் கப்பல் வரேல்லைப் போல. கையில கிடைச்சதில எரிக்கிறா.”

சந்நிதியில் நின்று அப்படிச் சிரித்தது என் ஆயுளில் அதுதான் முதல் தரம். பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு அம்மன் உரு வந்துவிட்டது என்று விலகி வழி விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக் கதிரையில் இருந்தேன். “கொண்டா உன்ர சாணித் தேத்தண்ணியை” என்றேன். குடித்தேன். தேத்தண்ணி மாதிரித்தான் இருந்தது. சீனி குறைவு என்று மட்டும் சொன்னேன். ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

அன்றைக்கே கிருசாந்தன் எடுத்தான். “மூடியாச்சோ அம்மா?”

“மூடலாம் தம்பி. முதல்ல நீ அங்க உன்ர காஸ் கிடங்கை மூடிப்போட்டு வா. பிறகு நாங்க எங்கட கிடங்கை மூடுறம்.”

 அவனும் சிரித்துவிட்டான்.

கதை காவுகிறவர்களால் ஒரு நன்மையும் உண்டு. கிடங்குக் கதை செட்டிகுளம் வரைக்கும் போய், அங்கே ஆறு வீட்டுப் பெண்கள் தங்களுக்கும் கட்டித் தரச் சொல்லிக் கேட்டு விட்டார்கள். சாரங்காவுக்கு அங்கே ஒரு மாத வேலை. அதுதான் இலட்சுமி சொல்கிற ஓட்டம்.

போன அன்று அதே காற்சட்டை, தோளில் சுருட்டின குழாய், கையில் மண்வெட்டி. வாசலில் செருப்பைக் கொழுவினவள் திரும்பினாள்.

“மாமி, விடியச் சாணிக்கு ஆர் போறது?”

“நான் போறன் சிவராசாவின்ர பட்டிக்கு.”

“ஊர் கதைக்கும்.”

“கதைக்கட்டும் பிள்ளை. இந்த வயசில என்னைப் பற்றியும் ஒரு கதை வந்தால் பெருமைதானே!”

வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். பிறகு படியிறங்கி, இலட்சுமியின் வேலியோரமாகவே, அவளுக்குக் கேட்கத்தக்கதாக, “போட்டு வாறன் மாமி!” என்று கத்திக்கொண்டு போனாள்.