பூசணிக்காய் கட்டிய சுவர்

அன்று வடகரைப் பக்கத்துப் பழைய கல்குவாரியில் இருந்தவர்கள் வெடி வைப்பவர், என்ஜினீயர், கொத்தனாராகிய நான். எதிரே, உள்ளே கம்பி வைத்து நான் கட்டிய செங்கல் சுவர். அது வெடியைத் தாங்கினால்தான் என்ஜினீயர் கண்டுபிடித்த முறை தேறும். புதுச்சுவராச்சே என்று திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கவிட்டிருந்தேன்.

வெடித்தது. பூசணிக்காய் சிதறியது, சுவர் நின்றது. ஒல்லியான அந்த என்ஜினீயர் வழக்கம்போல் சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

"அண்ணாச்சி, தாங்குனது கம்பியா, பூசணிக்காயா?"

"சுவரு நிக்குதுல்லா சார். யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேம்லா."

பூசணிக்காய் இல்லாமல் இன்னொரு சுவர் கட்டினேன். வெடிக்கிற நேரம் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "குற்றாலநாதா, காப்பாத்து!" என்று கத்திவிட்டார். அதுவும் நின்றது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"நானே கெடுத்துட்டேனே, அண்ணாச்சி."

அப்படி ஓர் ஆளை நான் பிறகு பார்க்கவில்லை. மூன்றாவது சுவருக்குச் செங்கல் இறக்கினோம். ஆயிரத்து இருநூறு.