நிதானத்தின் ஒன்பது ஆட்டங்கள்

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். முப்பத்தொரு வருடம் ஒரே நிறுவனம். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் பழைய கணினியின் முன்னால் உட்கார்ந்து, சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினார். நிரல் எழுத அவருக்கு அப்போது தெரியாது. சதுரங்கமும் சுமாராகத்தான் ஆடுவார்.

“ரிட்டையர் ஆனா மனுஷங்க தூங்குவாங்க. இவர் இன்னொரு வேலைல சேந்துட்டார்” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிரலுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்தார். வீட்டில் எழுதிய நிரல்களுக்கென்று வருடம் ஒருமுறை இணையத்தில் போட்டி நடக்கும். மொத்தம் மூன்று பிரிவுகள். பிரிவில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மேலே போகலாம். கலந்துகொண்ட ஐந்து வருடமும் நிதானம் மூன்றாம் பிரிவிலேயே கிடந்தது. சென்ற வருடம் ஆறாவது இடம்.

“ஒரு மாடி ஏறினாப் போதும்மா. மொட்டைமாடிக்கெல்லாம் ஆசைப்படல” என்பார் என்னிடம்.

இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுத்த மூன்றாவது வாரம் இறந்துபோனார். இதயம். காலை பத்தரை மணி. கணினி அணைக்கப்படவில்லை. திரையில் ஒரு சோதனை ஆட்டம் இருபத்து மூன்றாவது நகர்வில் நின்றிருந்தது. அதைச் சேமித்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸை அழைத்தேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

போட்டியில் நிதானத்தை நான் ஓட்டினேன். எட்டுச் சுற்றுகள் முடிந்தபோது இரண்டு வெற்றி, ஆறு சமன். தோல்வியே இல்லை. வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்று மொத்தம் ஐந்து புள்ளி. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் ஆறு, இரண்டாம் இடம், மேல் பிரிவு. சமன் என்றால் இல்லை.

ஞாயிறு காலை எட்டு ஆட்டங்களையும் அச்செடுத்து மேசையில் பரப்பினேன். மூன்றாவது ஆட்டத்தில் நிதானத்திடம் ஒரு யானை அதிகம் இருந்தது. நாற்பத்தொன்றாவது நகர்வில் அந்த யானை முன்னே போனது. அடுத்து, வந்த கட்டத்துக்கே திரும்பியது. மறுபடி போனது, மறுபடி திரும்பியது. தோற்றுக்கொண்டிருக்கும் எதிராளிக்கு வேறென்ன வேண்டும்? அதுவும் தன் காயை முன்னும் பின்னும் நகர்த்தியது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டம் சமன். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் இதே கதை.

மென்பொருளை வேகப்படுத்துவது என் தொழில். பிழையைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. பிழை இல்லை, வேண்டுமென்றே எழுதிய நாலு வரி. நிதானம் ஒவ்வொரு நிலையையும் இரண்டு வழியில் கணக்கிடும். இருக்கும் காய்களின் பலம் ஒன்று, ராஜாவின் பாதுகாப்பு இன்னொன்று. அந்த நாலு வரிக்கு மேலே அப்பா குறிப்பு எழுதியிருந்தார்: ‘ரெண்டும் ஒத்துப்போகலன்னா நில்.’

லிஃப்ட் கதவுக்கு இரண்டு சுவிட்சுகள். மூடியிருக்கிறது என்று இரண்டும் சொன்னால்தான் பெட்டி நகர வேண்டும். ஒன்று ஆமாம், ஒன்று இல்லை என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் பார்த்த லிஃப்டுகளில் ஒருவருக்கும் விரல் நசுங்கியதில்லை. சதுரங்கத்தில் நிற்க முடியாது, நம் முறை வந்தால் நகர்த்தியே ஆக வேண்டும். அதனால், கடைசியாக நகர்த்திய காயைப் பழைய கட்டத்துக்கே திருப்பு என்று எழுதிவிட்டார். சென்ற வருடம் ஜெயிக்க வேண்டிய இரண்டு ஆட்டங்களைத் தோற்ற பிறகு சேர்த்தது.

நாலு வரியையும் எடுத்துவிட்டு, இணையத்தில் கிடைக்கும் ஒரு நிரலோடு நாற்பது ஆட்டம் ஓட்டிப் பார்த்தேன். இருபத்தாறு வெற்றி, ஒன்பது தோல்வி. வைத்துக்கொண்டு ஓட்டியபோது பதினொரு வெற்றி, தோல்வி இல்லை.

போட்டி நடுவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

“ரெண்டு சுத்துக்கு நடுவுல மாத்தலாம்மா. ஆனா எழுதினவர்தான் மாத்தணும்.”

“எழுதினவர் இல்லையே சார்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்படின்னா எழுதினவர்ங்கற எடத்துல உங்க பேரைப் போட்டுடறேன். அங்க ஒரு பேருக்குத்தான் எடம். மூணு மணிக்குள்ள சொல்லிடுங்க.”

அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைகளை இன்னமும் வாராவாரம் துவைக்கிறாள். நான் ஏனென்று கேட்பதில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“எடுத்தா ஜெயிக்குமா?”

“பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு. ஆனா அப்பா பேர் இருக்காது.”

“அது என்ன வரி?”

“சந்தேகம் வந்தா திரும்பிப் போற வரி.”

அம்மா சட்டைக் கையை மடித்தாள். “பூட்டின கதவைப் பாதித் தெருலேந்து திரும்பி வந்து இழுத்துப் பாப்பார். எத்தனை பஸ்ஸை விட்டிருக்கோம் தெரியுமா? கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை போச்சு. இத்தனை வருஷத்துல என்னால எடுக்க முடியல. நீ நாலே வரிங்கற.”

இரண்டு ஐம்பதுக்கு நடுவரை அழைத்தேன்.

“பேர் அப்படியே இருக்கட்டும் சார்.”

“யோசிச்சுட்டீங்களா?”

“யோசிச்சுட்டேன்.”

ஆட்டம் நாலு மணிக்கு. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தெட்டாவது நகர்வில் நிதானத்திடம் ஒரு குதிரை அதிகம். என் கை விசைப்பலகைமேல் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யானை முன்னே போனது. திரும்பியது.

“பூட்டை இழுத்துப் பாக்கறார்” என்றாள் அம்மா.

மறுபடி போனது. மறுபடி திரும்பியது. சமன்.

“எத்தனாவது?”

“நாலாவது.”

“போன வருஷம்?”

“ஆறு.”

“அப்ப ஏறித்தானே இருக்கார்” என்று எழுந்து போனாள்.

போட்டி முடிந்ததும் நிரலின் ஆட்டத்தைப் பற்றி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எழுதியவர்: அப்பாவின் பெயர். நிரலின் குறை: வெல்லும் நிலையில் காயைத் திருப்பிக்கொள்கிறது. காரணம்: நாலு வரி, வரி எண்களோடு குறித்தேன். சரிசெய்யும் திட்டம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினேன்.