மாலையோடு போன சனிக்கிழமை

செகப்பியும் கணவர் சிவபிரகாசமும் மகளோடு காரைக்குடியிலிருந்து மலேசியாவின் ஈப்போவுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சிவபிரகாசத்துக்கு மலாய் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது.

மகள் படித்த தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாயில் ஒரு கடிதம் வந்தது. அதில் சனிக்கிழமை தேதியும் ‘கோத்தோங் ரோயோங்’ என்ற சொல்லும்தான் அவருக்குப் பிடிபட்டன.

“யாரோ பெரிய மனுஷர் வர்றாரு. மாலை வாங்கிரு” என்றார்.

“எனக்கென்னமோ அது ஆளு பேரு மாதிரி தெரியலைங்க” என்றாள் செகப்பி. அவர் கேட்டால்தானே?

சனிக்கிழமை இருவரும் பட்டு உடுத்திக்கொண்டு போய் இறங்கினார்கள். பள்ளி வாசலில் தலைமையாசிரியர் அரைக்கால் சட்டையோடு சாக்கடைக்குள் நின்று மண் வாரிக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு வந்த விமலா, அவளும் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தாய், மாலையைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“கோத்தோங் ரோயோங் ஐயா எப்ப வர்றாரு?” என்று அவளிடம் கேட்டார் சிவபிரகாசம்.

“ஐயாவா? அண்ணே, அது ஆளு இல்லலா! எல்லாரும் சேந்து பள்ளிக்கூடத்தக் கூட்டிக் கழுவுறது!”

உடனே சிவபிரகாசம், அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததுபோல் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். செகப்பி மாலையை அவர் கழுத்திலேயே போட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கடையில் இறங்கினாள்.

அதுவரை பள்ளி வாசலில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன தாய்மார்கள் அன்று அவளோடு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கும் கொடுத்தார்கள்.

“அடுத்த வாரம் எங்க வீட்டுக்கு வாங்கக்கா” என்றாள் விமலா.

“வர்றேன். ஆனா என்ன உடுத்திட்டு வரணும்னு இப்பவே சொல்லிரு” என்றாள் செகப்பி.