கூடைக் கயிற்றுத் தடம்

இலங்கையில், நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் வரிசை நின்றது. தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை. வரிசையில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. அவள் கூடையில் பாதிதான் கொழுந்து. அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும் என்று அவளுக்கே தெரியும். பின்னால் நின்ற இராக்கம்மா, எதிர்மலையில் எதையோ பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தன் கூடையிலிருந்து நாலைந்து கை கொழுந்தை அள்ளி அந்தக் கூடையில் போட்டாள். கர்ப்பிணி திரும்பவே இல்லை. அவளுக்கு முழுப் பேர் விழுந்தது. இராக்கம்மாவுக்கு அன்றைக்கு நிறை குறைந்து கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு கிடைத்தது. இதைப் பார்த்தது அவளுடைய தங்கை பூவாயி ஒருத்திதான். தோட்டத்து லய வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டாள்.

“ஏன்க்கா, உனக்குத்தானே குறைஞ்சுச்சு?”

“சும்மா வா. கால்ல அட்டை ஏறுது பாரு.”

அப்படிப்பட்டவள் இராக்கம்மா. அம்மா செத்து, அப்பா கப்பலேறி இந்தியாவில் இருக்கிற ஊருக்குப் போனவர் போனவர்தான் என்று ஆனபிறகு, தங்கையை வளர்த்தது அவள்தான். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பூவாயியை மட்டும் எப்படியாவது இந்த மலையை விட்டு இறக்கிவிட வேண்டும் என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷத் திருவிழாவில் அம்மன் கண் திறந்தாள் என்றே இராக்கம்மா நினைத்தாள். முளைப்பாரி தூக்கிப் போன பூவாயியைப் பதுளை கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் செங்கமலத்தம்மாள் பார்த்து, தன் மகன் கந்தப்பனுக்குக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டாள். சேதி கொண்டுவந்தவர் புடவை மூட்டையோடு லயம் லயமாக ஏறி இறங்கும் ஜௌபர் நானா.

“ஒரு சங்கதி இருக்கு தங்கச்சி,” என்றார் அவர். “அந்தம்மாவுக்குக் கூடை தூக்கின புள்ள வேணாமாம். வீட்டோட இருக்கிற புள்ளையான்னு கேக்கச் சொன்னாங்க.”

பூவாயி பதின்மூன்று வயதிலிருந்து ஆறு வருஷமாகக் கூடை தூக்குகிறவள். திருவிழா அன்றைக்கு முகம் நிறைய மஞ்சள் பூசியிருந்ததால் செங்கமலத்தம்மாளுக்கு நிறம் தெரியவில்லை.

“வீட்டோட இருக்கிற புள்ளதான் நானா,” என்றாள் இராக்கம்மா. அவள் வாயிலிருந்து பொய் வந்து பூவாயி கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆவணி முதல் வாரம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஆனால் முந்தின நாள் நலங்கு வைத்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் தங்கள் கையால் தண்ணீர் வார்ப்பார்கள். மஞ்சள் கழுவிப்போன முகத்தை அருகில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் என்ன செய்வது என்று இராக்கம்மா நாளை எண்ணினாள்.

கூடைக்காரியின் முகத்தில் எழுதியே இருக்கும். கூடையின் கயிறு தலைத்துணிக்கு மேல் நெற்றியில் அழுந்திக் கிடக்கும். அந்தத் துணி மறைத்த இடம் மட்டும் ஒரு காதிலிருந்து மறு காது வரை மூன்று விரல் அகலத்துக்கு வெளுத்திருக்கும். அதற்குக் கீழே கண், கன்னம், மூக்கு எல்லாம் வெயில் குடித்துக் கறுத்திருக்கும். கையும் அப்படித்தான். ரவிக்கைக் கை வரைக்கும் ஒரு நிறம், அதற்குக் கீழே ஒரு நிறம். கையைப் புடவைத் தலைப்பால் மூடிவிடலாம். நெற்றியை எதைக்கொண்டு மூடுவது?

முதலில் தங்கையை மலைக்கு அனுப்பாமல் நிறுத்தினாள். அதற்குக் கணக்கப்பிள்ளையிடம் காரணம் சொல்ல வேண்டும். “அம்மை போட்டிருக்குங்க” என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். யாரும் உள்ளே வரமாட்டார்கள் அல்லவா? அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொன்ன அன்றைக்கு இராக்கம்மா சோறு தின்னவில்லை. விளக்கின் முன்னால் வெகுநேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பயற்றம் மாவு, கஸ்தூரி மஞ்சள், எருமைத் தயிர் எல்லாம் பூசினாள். விரலில் ஏறியிருந்த தேயிலைக் கறையை எலுமிச்சம் மூடியால் தேய்த்தாள். இருபது நாளில் முகம் கொஞ்சம் தெளிந்தது. நெற்றிப் பட்டையும் கூடவே இன்னும் வெளுத்தது. கோடு அப்படியே நின்றது. அம்மைக்கெல்லாம் பயப்படாத பக்கத்துக் காம்பரா வீட்டு அங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னடி இது, நெத்தியில மட்டும் வெள்ளைக்காரத் தொரச்சாணி குடி வந்திருக்கா?”

பூவாயியும் சிரித்துவிட்டாள். இராக்கம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் ஒரு யோசனை சொன்னாள். “கறுத்தது வெளுக்க மாட்டேங்குது. வெளுத்ததைக் கறுக்க வச்சிருவோம்.”

ஆடி மாதம். ஊவா மலையில் அந்த மாதத்துக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் பச்சை இலையே சுருண்டுவிடும். லயத்துக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் பூவாயியை உட்கார வைத்து, புருவத்துக்குக் கீழே முகத்தை ஈரத்துணியால் கட்டி, கையைச் சாக்குக்குள் விட்டு, நெற்றியில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு வேலைக்குப் போனாள் இராக்கம்மா. கண்ணும் கட்டியிருந்தது. காற்றின் சத்தமும், எங்கோ மலையில் பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சத்தமும்தான் பூவாயிக்குக் கேட்டன. நாலு நாள் அப்படி உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் நெற்றி முழுக்கக் கொப்புளம் கிளம்பிவிட்டது.

முத்து முத்தாக, அம்மை போட்ட மாதிரியே இருந்தது.

“பொய் சொன்னேன்ல, ஆத்தா வந்துட்டா!” என்று இராக்கம்மா கீழே விழுந்து கும்பிட்டாள்.

“வெயில்க்கா, வெயில்தான்,” என்று பூவாயி எரிச்சல் தாங்காமல் அழுதாள்.

கொப்புளம் அடங்கிப் பொருக்குத் தட்டியது. கறுப்பாகத்தான் இருந்தது. நலங்குக்கு இரண்டு நாள் முன்னால் பார்த்தபோது முகமெல்லாம் ஒரே நிறம் மாதிரிதான் தெரிந்தது. இராக்கம்மா அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

நலங்கு அன்றைக்குச் செங்கமலத்தம்மாள் பட்டுப்புடவையோடு வந்து, தானே மஞ்சளை அள்ளிப் பூவாயியின் முகத்தில் தேய்த்து, செம்பால் தண்ணீர் வார்த்தாள். ஊறிப்போன பொருக்கு மஞ்சளோடு சேர்ந்து உரிந்து வந்தது. உள்ளே பட்டை ரோஸ் நிறத்தில், முன்னைக்கும் பளிச்சென்று கிடந்தது. செங்கமலத்தம்மாளின் விரல் ஒரு காதில் ஆரம்பித்து மறு காது வரைக்கும் மெதுவாகப் போனது. பூவாயி கண்ணைத் திறக்கவில்லை. குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

செங்கமலத்தம்மாள் நிமிர்ந்து இராக்கம்மாவைப் பார்த்தாள். அந்த நெற்றியிலும் அதே பட்டை.

“எத்தனை வருஷம் தூக்கினா?”

“ஆறு வருஷம், சம்பந்தியம்மா.”

“பொய் சொல்லிட்டியே, இந்தாம்மா.” குரல் உயரவே இல்லை. “ஊரெல்லாம் சொல்லியாச்சு. நிறுத்தினா எங்களுக்கும்தான் கேவலம். இவ வரட்டும். இவ நெத்தி நிழல்ல இருந்தா மாறிரும். உன் நெத்தி மாறாது. கடைக்கு வர்ற போறவன் எல்லாம் உன்னைப் பாத்தா இவளும் கூடைக்காரின்னு தெரிஞ்சுக்குவான். நீ எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது. சாமி முன்னால சொல்லு, கல்யாணம் நடக்கும்.”

“அக்கா, வேணாம்க்கா,” என்றாள் பூவாயி.

இராக்கம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கோயிலுக்குப் போய், கற்பூரத்தை அணைத்து, “மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் அவள் சமையற்கட்டில் பருப்பு கிளறிக்கொண்டிருந்தாள்.

பதுளைக் கடைக்குப் பின்கட்டில் பூவாயியின் காலம் போயிற்று. மாமியார் சோற்றுக்கு வஞ்சம் வைக்கவில்லை. கந்தப்பன் கை நீட்டியதில்லை. ஆனால் பகலில் வாசலுக்குப் போகக் கூடாது. முன்மயிரை இறக்கிச் சீவ வேண்டும். மூன்று வருஷத்தில் கோடு அழிந்தது. “இப்பத்தான்டி பாக்க லட்சணமா இருக்க,” என்று மாமியார் நாடியைப் பிடித்துச் சொன்ன அன்றைக்கு, பூவாயி கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் அழுதாள். அக்காவின் தங்கை என்று காட்டுவதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை.

இராக்கம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஞாயிற்றுக்கிழமை வந்து, எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நிற்பாள். பூவாயி ஜன்னலிலிருந்து பார்ப்பாள். கந்தப்பனும் பார்ப்பான். பார்த்துவிட்டுத் தராசில் பருப்பு நிறுப்பான்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம், இராக்கம்மா கையில் தகரப்பெட்டியோடு வந்து நின்றாள். நல்ல உச்சிவெயில். பெட்டியைக் கண்டதும் அக்கா மலையை விட்டே போகிறாள் என்று பூவாயிக்கு விளங்கிவிட்டது. இடுப்பில் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாமியார் கூப்பிடக் கூப்பிட ரோட்டைக் கடந்து ஓடினாள்.

“எங்கக்கா போற?”

“ஊருக்கு. பிரஜாவுரிமை மனு தள்ளுபடி ஆயிருச்சு. துறையூர்ப் பக்கம் சித்தப்பா மகன் இருக்கான். இன்னைக்கு ரயிலு, அப்புறம் தலைமன்னார்ல கப்பலு.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே.”

“இப்பச் சொல்றேன்ல.” இராக்கம்மா குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். “பேரு என்ன வச்சீங்க?”

“செல்வநாயகி. அத்தை வச்சாங்க.”

“நல்ல பேரு.”

“உள்ள வாக்கா. ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன், அவங்க என்ன சொன்னாலும்.”

“சாமிகிட்டச் சொன்னது புள்ள.”

“அந்தச் சாமிக்கும் கண்ணு அவிஞ்சு போச்சு!”

“ஏய், வாயக் கழுவு.” இராக்கம்மா பெட்டியைத் தலையில் ஏற்றினாள். ஸ்டேஷன் பக்கம் பார்த்தாள். பிறகு தங்கையின் நெற்றியைப் பார்த்தாள். கையைத் தூக்கி, தொடாமல் இறக்கிக்கொண்டாள்.

“வெயில்ல நிக்காத, பூவாயி. உள்ள போ. கறுத்துப் போனா அத்தை கேப்பாங்க.”