அம்மா சிரித்த ரேடியோ

பிள்ளைகளே, நம் ரேடியோ சின்னது என்று கேலி செய்கிறீர்கள். செங்கல்பட்டுக் கடையில் நான் முதலில் ஆசைப்பட்டது பெரியதற்குத்தான். அதில் பாட்டு அப்படி அதிர்ந்தது. உங்கள் அம்மாவும் நன்றாயிருக்கிறது என்றாள்.

கடைக்கார பாய் தடுத்தார். "பாட்டு இன்னா அண்ணாத்த, தகர டப்பாகூட பாடும். ஒலிச்சித்திரம் ஓடிக்கினு கீது, வசனத்தக் கேளு."

நகைச்சுவை வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கத்து வீட்டு ரேடியோ முன்னால் இத்தனை ஞாயிறும் இப்படித்தான் சிரித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாய் சின்னதைப் போட்டுக் குமிழைத் திருகினார். இம்முறை எனக்கு முன்பே அவள் சிரித்துவிட்டாள்.

"பாட்டும் நல்லாத்தாங்க கேக்குது" என்றாள். அப்பாடா என்றிருந்தது.

வீட்டில் அவள் அடுப்படிக்குப் போனதும், அவளுக்குப் பேச்சு தெளிவாகக் கேட்ட இடத்தில், குமிழருகே பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.