ஆடு குட்டி போட்ட வழக்கு

சொந்தமாக ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். ஐம்பதுகளில் சிங்கப்பூர் போலீஸ் கோர்ட் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, முகத்தைச் சுளிக்கவும் கூடாது. முன்கோபக்காரனான எனக்கு இந்த உத்தியோகத்தை எந்தப் புண்ணியவான் பார்த்துக் கொடுத்தாரோ தெரியாது. வாய்க்குள்ளேயே எத்தனையோ பேரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டடத்தில் வழக்கு நடக்கும் அறைகள் மூன்று. தமிழுக்கு நான் ஒருவன்தான். முதல் அறையில் ஒரு சண்டை வழக்கில் நான் மாட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் அறையில் ஒரு தமிழரின் வழக்கைக் கூப்பிடுவார்கள். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். உடனே அடுத்த தேதி. ஜாமீனில் இருப்பவர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். ஜாமீன் கிடைக்காதவரைப் பழையபடி வண்டியில் ஏற்றி ரிமாண்டுக்குக் கொண்டுபோவார்கள். அவர்மேல் இருக்கும் குற்றச்சாட்டோ பெரும்பாலும் அற்ப விஷயம். தண்டனை கொடுத்திருந்தால்கூட அதற்குள் அனுபவித்து முடித்து வெளியே வந்திருப்பார். அதனாலேயே, செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுடைய பொய்யையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் செம்பவாங் கப்பல் பட்டறைத் தொழிலாளி. முப்பது வயது இருக்கும். என்னைக் கிராணி ஐயா என்றுதான் கூப்பிடுவார். பேனாவைப் பிடித்து வேலை பார்ப்பவர்கள் எல்லாருமே அவருக்குக் கிராணிகள்தான். அவர்மேல் இருந்த வழக்கு, ஆடு திருடியது.

முதல் நாள் நான் அறையில் இருந்ததால் அவர் கதையை முழுதாகக் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு வந்திருக்கிறார். ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கியிருக்கிறார். கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்தால் பின்னாலேயே ஓர் ஆடு. விரட்டினால் நிற்கும், நடந்தால் தொடரும். பஸ் வந்ததும் ஏறினார். ஆடும் முன்னங்கால் இரண்டையும் படியில் வைத்துவிட்டது. கண்டக்டர், "உன் ஆட்டைப் பிடிய்யா" என்று சத்தம் போட, இவர் பதறிப்போய் இறங்கி அதன் கயிற்றைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் இருந்த விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போகலாம் என்பது அவர் எண்ணம். சரியாக அந்த நேரத்தில் ஆட்டுக்காரர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னாலேயே போலீஸ்காரரும் வந்துவிட்டார்.

தொழிலாளி குற்றம் செய்யவில்லை என்றார். ஜாமீன் உண்டு என்றார் மாஜிஸ்திரேட். ஆனால் ஜாமீன் நிற்பவருக்குச் சொந்தமாகக் கடையோ வீடோ இருக்க வேண்டும். இவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் இவரைப் போலவே பட்டறைக் குடியிருப்பில் ஓர் அறையில் ஆறு பேராகப் படுப்பவர்கள். ஆகவே அவர் ரிமாண்டுக்குப் போனார். ஆடு, சாட்சிப் பொருள் என்பதால், போலீஸ் நிலைய முற்றத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு அவர் வழக்கைக் கூப்பிட்ட போதெல்லாம் நான் வேறு அறையில். வேலையை முடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருவேன். அவரை வராந்தா வழியாக வண்டிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"கிராணி ஐயா, கப்பல் வந்துருச்சா?"

நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பலில் அவர் மனைவி வருகிறாள். கல்யாணமான அடுத்த மாதமே இவர் கப்பலேறிவிட்டார். மூன்று வருஷமாக முயற்சி செய்து இப்போதுதான் அவளை வரவழைக்க அனுமதி கிடைத்திருக்கிறது. துறைமுகத்தில் புருஷன் நேரில் வந்து அழைத்துக்கொள்ளாவிட்டால் அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடி அனுமதி கிடைக்குமா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த மனுஷனுக்குத் தீர்ப்பைப் பற்றிய கவலையே இல்லை. கப்பலுக்கு முன்னால் வழக்கு முடியுமா என்பதுதான் கவலை. நாலைந்து வராந்தாச் சந்திப்புகளில் அந்தக் கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது. பத்திரிகையைப் பிரித்தால் கப்பல் வரவுப் பகுதியைத்தான் முதலில் பார்த்தேன்.

இதற்கிடையில் ஆடு நன்றாக இருந்தது. அதைக் கவனித்துக்கொண்ட மலாய்க் கான்ஸ்டபிள் சிராங்கூன் சாலைப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு நாள் கோர்ட் வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தி, தனக்கே பேரன் பிறந்ததுபோலச் சொன்னார்.

"ஆடு குட்டி போட்டுருச்சு லா. ரெண்டு!"

பிடிபட்டபோதே அது சினையாக இருந்திருக்கிறது, போலீஸில் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் போலீஸ் நிலையத்தில் தேநீர் ரொம்ப ருசியாக இருப்பதாக ஒரு பேச்சு கிளம்பியது. ஆட்டுக்காரர் அங்கே போய்ச் சண்டை போட்டார். பாலைக் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், சாட்சிப் பொருளைச் சேதமில்லாமல் வைத்திருப்பது எங்கள் கடமை என்று பதில் சொல்லி அனுப்பினார்களாம். ஆட்டுக்காரர் பாடும் பாவம்தான். கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து அவர் பால் வியாபாரமும் படுத்துவிட்டது. ஆட்டைக் கொடுத்தால் போதும், வழக்கே வேண்டாம் என்று அவர் புலம்ப ஆரம்பித்திருந்தார்.

என் கோபத்தை எல்லாம் வீட்டில் காட்டினேன். சாப்பிடும்போது தட்டைத் தட்டித் தட்டி நியாயம் பேசுவேன். ஒரு நாள் என் மனைவி, மடியில் கிடந்த இளையவனின் தடுப்பூசிக் காய்ச்சலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"கிளினிக்குக்குத் தமிழ் நர்ஸ் செவ்வாக்கெழமதான் வருவாங்க. அதனால நாங்க எல்லாரும் செவ்வாக்கெழமதான் புள்ளையத் தூக்கிட்டுப் போறோம். இது உங்க கோர்ட்டுக்குத் தெரியாதா?"

கோர்ட் என்ன ஊசி போடுகிற இடமா என்று எரிந்து விழுந்தேன். அவள் மீனை என் தட்டில் வைத்தாள். மீனை மென்றுகொண்டே யோசித்ததில் அவள் சொன்னதில் ஒரு குறையும் எனக்கு அகப்படவில்லை. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கோர்ட்டில் என் வாய் என்னுடையதில்லையே.

கப்பல் வந்தது. மேல்தளத்தில் வரும் ஏழைப் பயணிகளை வழக்கம்போல செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் கொண்டுபோய், நோய் நொடி இல்லை என்று பார்த்துவிட்டு வார முடிவில் கரைக்கு அனுப்புவார்கள். அவள் தீவில், இவர் ரிமாண்டில். கப்பல் வந்த மறுநாளே இவருடைய வழக்கும் வந்தது. அன்று காலை நான் ஒரு தந்திரம் செய்தேன். வேறு எந்த அறையும் என்னைக் கூப்பிடும் முன்பே அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர். எந்நேரமும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அரசுத் தரப்பு இன்ஸ்பெக்டர் எழுந்து, குற்றப்பத்திரிகையில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும் என்றார். சாட்சிப் பொருள் ஒன்றல்ல, மூன்று, மூன்றும் கீழே கோர்ட் முற்றத்தில் கட்டியிருக்கின்றன.

எனக்கு ஓர் ஆடுதான் ஞாபகம் இருக்கிறது என்றார் மாஜிஸ்திரேட். குட்டி போட்டுவிட்டது என்றார் இன்ஸ்பெக்டர். குட்டிகளுக்கு என்ன வயது என்று கேட்டார் அவர். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். கான்ஸ்டபிள் விறைப்பாக நின்று, இரண்டும் புல் தின்ன ஆரம்பித்துவிட்டன என்று பெருமையாகச் சொன்னார். மாஜிஸ்திரேட்டின் கைக்குட்டை கழுத்திலேயே நின்றுவிட்டது. கூண்டைப் பார்த்து, இந்த வழக்கு ஏன் இத்தனை நாளாக நடக்கவில்லை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன்.

தொழிலாளி பயந்துபோய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கென்னங்க தெரியும்? இவரக் கேளுங்க. ஒவ்வொரு தடவையும் இவரு இல்லன்னு சொல்லித்தான் என்னத் திருப்பி அனுப்புனாங்க."

கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. என்னை நானே காட்டிக்கொடுப்பதுபோல, 'இவரைக் கேளுங்கள், இவர் இல்லை என்றுதான் என்னைத் திருப்பி அனுப்பினார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அறையே சிரித்தது.

"உங்களைக் கேட்கச் சொல்கிறாரே, எங்கே போயிருந்தீர்கள்?" என்றார் மாஜிஸ்திரேட்.

அந்தக் கட்டடத்தில் என் சொந்த வார்த்தையை நான் பேசியது அன்றுதான். பக்கத்து அறையில் இருந்தேன் என்றேன். மூன்று அறைக்கும் ஒருவன் என்றேன். வாயைத் திறந்தது திறந்தாகிவிட்டது என்று கிளினிக்கையும் செவ்வாய்க்கிழமையையும் சொல்லி, தமிழ் பேசுகிற ரிமாண்ட் ஆட்களை எல்லாம் ஒரே நாளில் ஒரே அறைக்குக் கொண்டுவந்தால் என்ன என்றும் கேட்டுவிட்டேன். இது என் மனைவியின் யோசனை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வேலை போனால் இரண்டு பேருமாகச் சேர்ந்தே அனுபவிப்போம் என்று நினைத்தேன்.

அவர் கைக்குட்டையை மடித்து வைத்தார். "இப்போது நீங்கள் இங்கே இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்."

அப்படியானால் இப்போதே விசாரிப்போம் என்றார். பாதியில் அடுத்த அறைச் சேவகர் வந்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் எங்கே என்று எட்டிப் பார்த்தார். மாஜிஸ்திரேட் நிமிராமலே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அங்கேயே விசிலடித்திருப்பேன்.

ஆட்டுக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். முன்பின் தெரியாத ஆள் பின்னால் உங்கள் ஆடு போகுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அந்த மனுஷன் ஒளிக்கத் தெரியாதவர்.

"அகத்தியக் கண்டா அது என் பேச்சையே கேக்காதுங்க."

சொல்லி வைத்ததுபோல அதே நேரத்தில் கீழே முற்றத்தில் ஒரு சத்தம். ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தோம். கோர்ட் தோட்டக்காரர் வெட்டிய தழையை அள்ளிக்கொண்டு போக, தாயும் குட்டிகளும் கட்டை அறுத்துக்கொண்டு அவர் பின்னால் வரிசையாகப் போயின. இன்ஸ்பெக்டர் தானாகவே எழுந்து, இனி சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்தார். ஆள் விடுதலை. ஆடுகள் ஆட்டுக்காரரிடம். இத்தனை மாதம் தள்ளிப்போன வழக்கு, நான் வாங்கி வைத்திருந்த கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த மாதத்திலிருந்தே அந்த அறையில் செவ்வாய்க்கிழமை தமிழுக்கு என்று ஆனது. அன்றைக்கு என்னை வெளியே யாரும் கூப்பிடக்கூடாது. அதன் பிறகு சீன மொழிகளான ஹொக்கியனுக்கும் தியோச்சியூவுக்கும் ஒவ்வொரு நாள் வந்தது. ரிமாண்டில் இருப்பவர்கள் என் முகத்தைப் பழகிக்கொள்ளும் முன்பே வீட்டுக்குப் போனார்கள். கிளினிக்குக்கு ஒரு பழக்கூடை அனுப்பலாமா என்று என் மனைவி கேலி செய்தாள்.

வழக்கு முடிந்த அந்த வார முடிவில் துறைமுகத்துக்கு நானும் போனேன். தொழிலாளி கூப்பிட்டார், கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். இரவல் சட்டையும் கையில் மல்லிகைப் பொட்டலமுமாக நின்றவர், கூண்டில் நின்றதைவிட அதிகமாக நடுங்கினார். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தகரப் பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் குடிநுழைவு அதிகாரி இவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இவர் விழித்தார். அதிகாரி சலிப்போடு பின்னால் திரும்பிப் பார்த்து, தமிழ் ஆள் இல்லை, அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள் என்றார். அடுத்த வாரம் அந்தக் கப்பல் இங்கே இருக்காது.

எனக்குக் காது சுட்டது. தொழிலாளியோ பழகிய மாதிரி என் பக்கம் விரலை நீட்டினார்.

"நான் இருக்கிறேன்" என்று முன்னால் போனேன்.

கப்பல் வந்த அன்றே வந்து பெயரைப் பதிந்திருக்க வேண்டுமாம், ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். அகத்தி, ஆடு, பஸ், கயிறு, ரிமாண்ட், குட்டிகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒன்றுவிடாமல் நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளும் முதல்முறையாக அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அதிகாரி முதலில் முறைத்தார், பஸ் படியில் ஆடு கால் வைத்த இடத்தில் சிரித்துவிட்டார், கடைசியில் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அகத்திக்கீரய நீங்க வாயில வைக்க மாட்டீங்களே. அத எதுக்கு வாங்குனீங்க?"

கோர்ட்டில் யாருமே கேட்காத கேள்வி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒனக்குப் பிடிக்குமே, நீ வந்ததும் ஆக்கிப் போடணும்னு சமைச்சுப் பழகிக்கிட்டு இருந்தேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கண்ணும் கலங்கிவிட்டது, மறைப்பானேன். அதிகாரிக்கு ஆவல் தாங்கவில்லை, இப்போது என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொன்ன பேச்சு அது ஒன்றுதான்.