கோதுமை அறுத்தாச்சு

ஷான்சி மாகாணத்தின் தென்கோடியில் ஒரு சின்ன ஊர்த் தந்தி ஆபீசில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் ஜிங் ஃபெங்சின். எழுத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் ஜனங்கள் பாதியை முழுங்கிவிட்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். "காடி ஐம்பது ஜாடி ஏற்றம்" என்று ஒரு தந்தி வரும். ஏற்றியாச்சா, ஏற்றச் சொல்கிறார்களா? சீன வினைச்சொல்லுக்குக் காலம் காட்டும் வாலெல்லாம் கிடையாது. ஃபெங்சின் அனுப்பியவர் பெயரைப் பார்ப்பாள். வினிகர் செய்யும் காடித் தொழிற்சாலை என்றால் சரக்கு கிளம்பிவிட்டது. கடைக்காரர் என்றால் சரக்கு வேண்டும் என்கிறார். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

"அம்மா கவலைக்கிடம் உடனே வா" என்பதை மாதத்தை வைத்துப் படிக்க வேண்டும். குளிர்காலத்தில் வந்தால், வெளியூரில் வேலை செய்யும் பையனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். ஜூனில் வந்தால் கோதுமை அறுக்க ஆள் வேண்டும். வேறு எதைச் சொன்னாலும் எந்த மேஸ்திரியும் லீவு கொடுப்பதில்லை, பாவம் ஜனங்கள்தான் என்ன செய்யும்.

"போன வருஷமும் இதேதானே போட்டீங்க, பெரியப்பா?" என்று ஒரு விவசாயியிடம் கேட்டாள்.

"போன வருஷம் பொழச்சிட்டா. கெட்டியான கட்டை."

"இந்த வருஷம்?"

"அறுப்பு முடிஞ்சதும் பொழச்சிடுவா. நீ போடும்மா."

அவளும் ஒன்றும் யோக்கியமில்லை. மேற்கே லான்சோ நகரத்துக்கு அப்பால் ரயில் பாதை போடும் தம்பி பாவ்குய்யை இதே வாசகம் போட்டு இரண்டு தடவை வரவழைத்திருக்கிறாள். ஒன்று பெண் பார்க்க. பிடிக்கவில்லை என்று போய்விட்டான். இன்னொன்று போன ஜூனில், அறுப்புக்கு. இரண்டு தடவையும் அம்மா வாசலில் குத்துக்கல் மாதிரி நின்று வரவேற்றாள்.

இந்த ஜூனில் அம்மா நிஜமாகவே விழுந்துவிட்டாள். கிராமத்திலிருந்து தூக்கிவந்து ஆபீசுக்குப் பின்னாலிருந்த தன் அறையில் படுக்க வைத்தாள் ஃபெங்சின். நாலைந்து நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாய் கோணிப்போன அம்மாவுக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது: பாவ்குய். அவன் வருவதற்குள் உயிர் இருக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ஃபெங்சினுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"'நிஜமா'ன்னு ஒண்ணு சேர்த்துடுடி" என்றாள் பக்கத்து மேஜை யுவான்.

"எல்லாரும்தான் சேர்க்கறாங்க. கோதுமைன்னுதான் நெனப்பான்."

கொஞ்ச நேரம் கழித்து, 'கோதுமை அறுத்தாச்சு அம்மா கவலைக்கிடம் உடனே வா' என்று எழுதினாள். பச்சைப் பொய். அவர்கள் நிலம் பஸ் ரோட்டோரம் முற்றிப்போய் அறுக்காமல் நின்றது. ஆனால் கோதுமையை எடுத்துவிட்டால் ஜூனில் அவனுக்கு நினைக்க வேறு என்ன இருக்கிறது? ஒவ்வொரு சீன எழுத்தையும் அதற்குரிய நாலு இலக்கத் தந்தி எண்ணாக மாற்றித் தட்டினாள். விரல்கள் பழக்கத்தில் ஓடின. மறுநாள் 'கிளம்பிட்டேன்' என்று பதில் வந்தது. அதை அம்மா காதில் சொன்னாள். அம்மாவின் ஒரு விரல் அசைந்தது.

மூன்றாம் நாள் ஒரு மணி பஸ்ஸில் அவன் இறங்கவில்லை. அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஃபெங்சின் அம்மாவின் கண்ணை மூடிவிட்டு, போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

பொழுது சாயும்போது பாவ்குய் வந்தான். தலையெல்லாம் பதர். முகத்தில் சிரிப்பு.

"ஏன்க்கா, கோதுமை அறுத்தாச்சா? நல்லா விட்டியே கதை. நான்கூட வழியெல்லாம் நம்பிக்கிட்டுதான் வந்தேன். ஒரு மணி பஸ் ஜன்னல்ல பாத்தா நம்ம வயல் அப்படியே நிக்குது. அதுக்கப்புறம்தான் மூச்சே வந்துச்சு. அங்கேயே எறங்கி, பக்கத்து வயல் வெளியூர்க் கூலிக்காரங்ககிட்ட அரிவாள் வாங்கி பாதிக்கு மேல முடிச்சிட்டேன். அம்மா எங்க, எனக்கு மாவு பெசையறாங்களா?"

அவள் வாசலைவிட்டு நகர்ந்து நின்றாள். அவன் உள்ளே போனான்.

"எப்போ?" என்றான் உள்ளேயிருந்து.

"நாலு மணிக்கு."

"மூணு மணி பஸ்ஸை நிறுத்திக் கூப்பிட்டாங்கக்கா. இன்னும் நாலு வரிசை அறுத்துட்டு வரலாம்னு, போகச் சொல்லிட்டேன்."

'கோதுமை அறுத்தாச்சு' என்ற அந்த இரண்டு சொல்லை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். எழுதாமல் இருந்தால் அவன் கிளம்பியே இருக்க மாட்டான் என்றும் நினைத்தாள். வெந்நீர் கொண்டுவந்து, கொப்புளம் உடைந்த அவன் கைகளைக் கழுவிவிட்டாள்.